கணக்குக் கோப்பின் பாடம்: பல இயங்குதளங்களில் பயனர் பதிவுகளை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் பயனர் கணக்குகளை எளிய உரைக்கோப்பு ஒன்றில் வரிக்கொரு பதிவாக எழுதிவைக்கும் மரபுடையன. ஒரு தளத்தில் எழுதப்பெற்ற அக்கோப்பைப் பிறிதொரு தளத்தில் வாசிக்கும்போது வரியீறு, பிரிகுறி, வெற்றுப்புலம், குறியேற்றம், எண்மதிப்பு ஆகியவற்றில் திரிபுகள் நேர்கின்றன. இத்திரிபுகளைப் பாடவேறுபாடுகளாகக் கொண்டு சுவடிப்பதிப்பு நெறியில் அணுகுகிறது இக்கட்டுரை. தமிழ்ப் பெயர்கள் இக்கோப்பில் இடம்பெறுங்கால் தோன்றும் சிக்கல்கள் சற்று விரிவாக ஆராயப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: கணக்குக் கோப்பு, புலம், பிரிகுறி, வரியீறு, ஒருங்குறி, பாடவேறுபாடு.

முன்னுரை

கட்டுரையாளர் பங்குகொண்ட சொல்லடைவுப் பணி ஒன்றில் பதினேழு பேர் இலக்கணக் குறிப்பேற்றம் செய்தனர். அனைவர்க்கும் லினக்ஸ் வழங்கி ஒன்றில் தனித்தனிக் கணக்குகள் இருந்தன. பணி முடிவில் யார் எத்தனை பாடல்களுக்குக் குறிப்பேற்றினர் என்னும் பட்டியலை உருவாக்கும்பொருட்டு, வழங்கியின் கணக்குப் பதிவுகள் ஓர் உரைக்கோப்பாகப் பிரித்தெடுக்கப்பெற்று, விண்டோஸ் கணினியில் தமிழ்ப் பெயர்கள் சேர்க்கப்பெற்று, மீண்டும் லினக்ஸுக்கு அனுப்பப்பெற்றன. பட்டியல் வந்தபோது பதினைந்து பெயர்களே இருந்தன. முதற்பெயரையும் இறுதிப்பெயரையும் காணவில்லை. இறுதியில் இருந்தவர் முதலாண்டு ஆய்வு மாணவி ஒருவர். அவருடைய பல மாத உழைப்பு, ‘அறியப்படாதவர்’ என்னும் தலைப்பின்கீழ்ச் சென்று சேர்ந்திருந்தது. கோப்பைத் திறந்து நோக்கின் பதினேழு வரிகளும் கண்முன் இருந்தன. கண்ணுக்குப் புலனாகும் பாடமும் நிரல் வாசிக்கும் பாடமும் வேறாயின என்பதே இவ்வாய்வின் தோற்றுவாய்.

கோப்பின் யாப்பு

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோரால் 1969இல் தொடங்கப்பெற்ற யுனிக்ஸ், கணினியின் அமைப்புச் செய்திகளை மனிதர் படிக்கத்தக்க உரையாகவே வைத்தது. ‘எட்சி’ என்னும் அடைவினுள் கடவுச்சொல்லின் பெயரால் வழங்கும் கோப்பே பயனர் கணக்குகளின் இருப்பிடம். இக்கட்டுரையில் அது கணக்குக் கோப்பு என்றே சுட்டப்பெறும். அதன் ஒவ்வொரு வரியும் ஒரு பயனரைக் குறிக்கும். ஒவ்வொரு வரியிலும் ஏழு புலங்கள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பெற்று நிற்கும். உரோமன் எழுத்தில் அமையும் பதிவொன்றை வாசிப்பு வசதிக்காகத் தமிழ் எழுத்தில் காட்டினால் பின்வருமாறு அமையும்:

கயல்:எக்ஸ்:1001:1001:கயல்விழி,அறை 12,,:/ஹோம்/கயல்:/பின்/பாஷ்

முதற்புலம் புகுபெயர். அடுத்தது கடவுச்சொற்புலம். மூன்றாவதும் நான்காவதும் முறையே பயனர் எண், குழு எண். ஐந்தாவது முழுப்பெயர் முதலிய விவரம். ஆறாவது இல்ல அடைவு. ஏழாவது, புகுந்தவுடன் இயங்கும் கட்டளைச் செயலி. புலங்களுக்குப் பெயர்கள் கோப்பினுள் எழுதப்படுவதில்லை. நிற்கும் இடமே பொருளைத் தருகிறது. உருபு இன்றி, நிற்கும் முறையாலேயே எழுவாயும் செயப்படுபொருளும் அறியப்படும் தொடரை ஒத்தது இவ்வமைப்பு. ஆகவே ஓரிடம் நழுவினாலும் எஞ்சியவை அனைத்தும் பொருள் திரியும்.

ஐந்தாம் புலத்துக்கு இன்றளவும் வழங்கும் ‘ஜெகோஸ்’ என்னும் பெயர் ஒரு வரலாற்று எச்சம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனக் கணினிகளின் இயங்குதளப் பெயர் அது. பெல் ஆய்வகத்து யுனிக்ஸ் கணினிகள் அச்சிடல் முதலிய பணிகளை அக்கணினிகளுக்கு அனுப்பியபோது தேவைப்பட்ட அடையாளத்தை இப்புலத்தில் வைத்தன. பணி ஒழிந்தது, பெயர் நின்றது. சொற்பொருள் வரலாற்றில் பயின்றோர்க்கு இது வியப்பளிக்காது.

இரண்டாம் புலமும் அத்தகையதே. தொடக்கத்தில் அங்குக் குறிமறையாக்கப்பெற்ற கடவுச்சொல் நின்றது. கோப்பையோ யாவரும் படிக்கலாம். எண்ணைப் பெயராக்கிக் காட்டும் எளிய கட்டளைகளுக்கும் அது தேவை. இராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே கடவுச்சொல் 4096 வகையாகக் குறிமறை பெறுமாறு 12 பிட்டு ‘உப்பு’ சேர்க்கும் முறையை விளக்கியது. கணினிகளின் விரைவு பெருகப் பெருக அதுவும் போதாதாயிற்று. எனவே குறிமறை, மேலாளர் மட்டுமே படிக்கவல்ல ‘நிழல்’ கோப்புக்கு இடம்பெயர்ந்தது. பழைய புலத்தில் எக்ஸ் என்னும் ஓரெழுத்து மட்டும் எஞ்சியது. புலத்தையே நீக்கியிருக்கலாமே எனின், நீக்கினால் பின்னுள்ள ஐந்து புலங்களும் ஓரிடம் முன்னேறி, அதுவரை எழுதப்பெற்ற நிரல்கள் அனைத்தும் பிழையாக வாசித்திருக்கும். பொருளிழந்த உறுப்பு இடம்காக்க நிற்கிறது.

வெற்றுப்புலமும் தொகையும்

மேற்காட்டிய பதிவின் ஐந்தாம் புலத்துள் அறை எண்ணுக்குப் பின் இரு காற்புள்ளிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை தொலைபேசி எண்களுக்குரிய இடங்கள், எண்கள் தரப்பெறவில்லை. முக்காற்புள்ளிகளும் இவ்வாறு அடுத்தடுத்து வரலாம். அவ்விடத்தில் ஒன்றுமில்லை என்பது வேறு, அவ்விடமே இல்லை என்பது வேறு. தொகையில் உருபு மறைந்து நிற்குமேயன்றி இல்லாதொழிவதில்லை என்று உரையாசிரியர் வழியில் பயின்ற நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். சி மொழியின் பழைய சொல்வெட்டும் செயற்கூறு ஒன்றுக்கு இது விளங்குவதில்லை. அடுத்தடுத்து வரும் பிரிகுறிகளை அது ஒன்றாகவே கொள்ளும். அதனால் ஐந்தாம் புலம் வெறுமையாக உள்ள பயனரின் இல்ல அடைவு, அவருடைய முழுப்பெயராக வாசிக்கப்பெறும். பின்னர்த் தோன்றிய மற்றொரு செயற்கூறு வெற்றிடத்தையும் ஓர் உறுப்பாகத் தரும். கணக்குக் கோப்பை வாசிப்போர் இரண்டாவதையே கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் புலம் வெறுமையாயின் பொருள் மேலும் கடுமையானது. கடவுச்சொல்லின்றியே புகலாம் என்பது அதன் மரபுப்பொருள். எக்ஸ் என்னும் ஓரெழுத்தைத் தேவையற்றதெனக் கருதி நீக்கும் பதிப்பாளர் வாயிற்கதவையே கழற்றிவிடக்கூடும்.

தளங்களுக்கிடையே பாடவேறுபாடு

ஏழு புலம் என்பது எல்லாத் தளங்களுக்கும் பொதுவன்று. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் மூலக்கோப்பு வேறு. அதில் புலங்கள் பத்து. குழு எண்ணுக்குப் பின்னும் முழுப்பெயருக்கு முன்னும் கணக்கு வகுப்பு, கடவுச்சொல் மாற்றவேண்டிய காலம், கணக்கு முடியும் காலம் என மூன்று புலங்கள் இடையில் நுழைகின்றன. ஏழுபுலக் கோப்பு அம்மூலத்திலிருந்து கருவியால் ஆக்கப்பெறும் வழிநூலே. வழிநூலைத் திருத்தினால் பயனில்லை. அடுத்தமுறை மூலத்திலிருந்து அது புதிதாக எழுதப்பெறும். முதல்நூல், வழிநூல் பாகுபாட்டை அறியாது செய்யும் திருத்தம் இங்கும் நிலைப்பதில்லை.

மேக்ஓஎஸ் தளத்தின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கும் அதே இடத்தில் அதே பெயரில் கோப்பு உண்டு. ஆயின் அதன் தொடக்கத்தில் விளக்கவரிகள் சில, எண்குறி முன்னிட்டு எழுதப்பெற்றுள்ளன. தனிப்பயனர் நிலையில் இயங்கும்போது மட்டுமே இக்கோப்பு நேரடியாக நோக்கப்பெறும் என்றும் பிற வேளைகளில் ஓப்பன் டைரக்டரி என்னும் சேவையே விவரம் தரும் என்றும் அவை கூறுகின்றன. கோப்பே தன் பாயிரத்தில் ‘என்னை முழுதும் நம்பற்க’ என்று சொல்லிக்கொள்வது அரிய பண்பு. அப்பாயிரத்தைப் பயனர் பதிவாக எண்ணி வாசிக்கும் நிரல்கள் உண்டு, எண்குறியே புகுபெயராகிவிடும். விளக்கவரிகளைத் தாண்டிச் சென்றாலும், அக்கணினியில் நாள்தோறும் புகும் மனிதர் எவருடைய பெயரையும் கோப்பில் காண இயலாது. அமைப்புக் கணக்குகள் மட்டுமே அதில் இடம்பெறும்.

அவற்றுள் ஒன்று ‘நோபடி’, அஃதாவது யாருமல்லார். குறைந்த உரிமையோடு இயங்கவேண்டிய செயல்களுக்கு உரிய கணக்கு அது. மேக்ஓஎஸ் கோப்பு அதன் எண்ணை -2 என எழுதும். டெபியன் லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் 65534 என எழுதும். நோக்குவார்க்கு இவை தொடர்பற்ற எண்கள். 16 பிட்டு அளவில் -2ஐ எழுதி, குறியற்ற எண்ணாக அதை வாசித்தால் வருவது 65534. அதனையே 32 பிட்டில் வாசித்தால் 4294967294. ஒரே வரிவடிவத்துக்கு மூன்று வாசிப்புகள். சுவடியில் நெடிலும் குறிலும் வேறுபாடின்றி எழுதப்பெற்ற ஒகரத்தைப் பதிப்பாளர் இடம்நோக்கிப் பிரித்துணர்வது போல, இங்கும் எண்ணின் அகலம் நோக்கியே உண்மைப்பாடம் துணியப்பெறும். பயனர் எண்ணை எதிர்மமாக இராது என்று கருதி எழுதிய நிரல் இவ்வரியில் தடுமாறும்.

விண்டோஸ் தளத்தில் இத்தகைய உரைக்கோப்பே இல்லை. கணக்குகள் பதிவகத்தின் பாதுகாப்புப் பகுதியில் உள்ளன. அடையாளமும் எளிய எண்ணன்று. பல எண்கள் சிறுகோட்டால் இணைந்த நெடுந்தொடர். தளத்துடன் வரும் மேலாளர் கணக்கின் தொடர் எப்போதும் 500 என முடியும். விண்டோஸ் மீது யுனிக்ஸ் சூழலைத் தரும் சிக்வின், அக்கணக்குகளை ஏழுபுல வடிவில் எழுதித்தரும் கருவியொன்றைக் கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் பாதைப்பெயர்களில் வட்டின் எழுத்துக்குப் பின் முக்காற்புள்ளி வரும். பிரிகுறியே செய்தியின் உள்ளுறுப்பாகிவிடின் புலம் இரண்டாகப் பிளக்கும். இதனால் சிக்வின் வட்டுகளை முக்காற்புள்ளியற்ற வேறு பாதைப்பெயரால் வழங்குகிறது. கணக்குக் கோப்பில் பிரிகுறியைத் தப்பவைக்கும் விடுகுறி எதுவும் இல்லாமை இவ்வமைப்பின் உண்மையான குறை என்பது கட்டுரையாளர் கருத்து.

வரியீறு

முன்னுரையில் கூறிய சிக்கலுக்கு வருவோம். யுனிக்ஸ் வழித்தளங்களில் வரியின் இறுதியில் 10 என்னும் குறிமதிப்பு ஒன்றே நிற்கும். விண்டோஸில் 13, 10 என இரண்டு நிற்கும். ஆப்பிளின் பழைய மேக் தளத்தில் 13 மட்டும் நின்றது. தொலைத்தட்டச்சுப் பொறியில் அச்சுத்தலையை இடப்புறம் திருப்புவது ஒரு செயல், தாளை ஒருவரி நகர்த்துவது மற்றொரு செயல். அவ்விரண்டின் குறிகளே 13உம் 10உம். பொறி மறைந்தபின் ஒவ்வொரு மரபும் ஒவ்வொன்றைத் தக்கவைத்துக்கொண்டது.

விண்டோஸில் திருத்தப்பெற்ற கோப்பை லினக்ஸ் வாசித்தால் 13 என்னும் குறி ஏழாம் புலத்தின் ஈற்றெழுத்தாக ஒட்டிக்கொள்ளும். கட்டளைச் செயலியின் பெயர் சரியாகவே தோன்றும். ஆயின் அப்பெயருடைய செயலி எங்கும் இராது. மெய்யான கணக்குக் கோப்பில் இது நேர்ந்தால் பயனர் புகவே இயலாது. பயன்பாட்டு அளவில் இன்னொன்றும் உண்டு: விண்டோஸில் உரைமுறையில் கோப்பைத் திறக்கும் சி நிரல்கள் 26 என்னும் குறியைக் கோப்பின் முடிவாகக் கொள்ளும். இது இக்காலத்தில் அரிது.

மாணவியின் பெயர் மறைந்ததற்குக் காரணம் வேறு. போசிக்ஸ் தரத்தின்படி வரி என்பது வரியீற்றுக்குறியோடு முடிவது. இறுதிவரியின் பின் அக்குறி இடப்பெறாவிடின், இலக்கணப்படி அது வரியன்று, முற்றுப்பெறா எச்சம். யுனிக்ஸ் கட்டளைமொழியில் வரிவரியாக வாசிக்கும் வழக்கமான மடக்கு, அவ்வெச்சத்தை மாறிக்குள் வாசித்தபின்னும் ‘முடிந்தது’ என்று அறிவித்து, அதன்மீது எச்செயலும் ஆற்றாமல் வெளியேறும். விண்டோஸில் பெயர் சேர்த்தவர் கடைசி வரியில் நுழைவுவிசையை அழுத்தாமல் சேமித்தார். அவ்வளவே.

முதற்பெயர் மறைந்ததற்குக் குறியேற்றமே காரணம். விண்டோஸ் நோட்பேடு யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்கும்போது, 2019க்கு முந்தைய பதிப்புகளில், கோப்பின் தலைப்பில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகளைத் தானே எழுதியது. அது ஒருங்குறியின் அடையாளக்குறி, திரையில் தோன்றாது. லினக்ஸ் நிரல் அதனை முதற்பயனரின் புகுபெயரோடு சேர்த்து வாசித்தது. அப்படியொரு பயனர் வழங்கியில் இல்லை. பிள்ளையார்சுழியைப் பாட்டின் முதற்சீரெனக் கொண்டு அலகிட்டது போன்றது இப்பிழை.

தமிழ்ப் பெயரும் புள்ளியும்

புகுபெயர்கள் பெரும்பாலும் உரோமன் சிற்றெழுத்துகளுக்கே வரையறுக்கப்பெறுவதால், தமிழ் இக்கோப்பினுள் நுழையும் வாயில் ஐந்தாம் புலமே. அங்கும் சில தடைகள் உள.

‘கயல்விழி’ என்னும் பெயர் தமிழிலக்கணப்படி ஐந்தெழுத்து. ஒருங்குறியில் எட்டுக் குறிகள். யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டாதலின் இருபத்துநான்கு பைட்டுகள். புலத்தின் நீளத்தைப் பைட்டால் அளந்து வெட்டும் நிரல், எழுத்தின் நடுவே வெட்டக்கூடும்.

புள்ளியின் நிலை தனியே நோக்கத்தக்கது. ஒருங்குறியில் அதன் எண் 3021. யுடிஎஃப்-8 வடிவம் 224, 175, 141. ஆங்கில அமைப்பில் நிறுவப்பெற்ற விண்டோஸின் மரபுக் குறியேற்றம் 1252 எனப்படும். குறியேற்றத்தை வெளிப்படையாகக் கூறாது பைத்தான் நிரலால் கோப்பைத் திறந்தால், நெடுங்காலமாக வழங்கிவரும் பதிப்புகள் இம்மரபுக் குறியேற்றத்தையே கைக்கொண்டன. அதில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களுக்கு எழுத்து வகுக்கப்பெறவில்லை. புள்ளியின் மூன்றாம் பைட்டு 141. உகரக்குறியின் மூன்றாம் பைட்டு 129. ஏகாரத்துக்கு 143, ஐகாரத்துக்கு 144. எனவே ‘மதிவாணி’ போன்ற பெயர் வரின் நிரல் பிழையென நில்லாமல், ஒவ்வொரு குறியும் மும்மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதற வாசித்துச் செல்லும். ‘கயல்விழி’யில் லகர ஒற்றின் புள்ளியை எட்டியதும் நின்றுவிடும். கட்டுரையாளர் இதனை முதலில் சில பெயர்களுக்கு மட்டும் நேரும் தற்செயல் என்றே எண்ணியிருந்தார். பிழை காட்டிய பெயர்களைத் தொகுத்தபோதுதான் அனைத்திலும் ஒற்றோ உகரமோ இருப்பது புலனாயிற்று. ஏட்டுச்சுவடிகளில் புள்ளி இடப்பெறாமையால் வாசிப்பு இடர்ப்பட்டது. இங்குப் புள்ளி இடப்பெற்றமையால் இடர்ப்படுகிறது. இரண்டனுள் நின்றுவிடும் நிரலே நன்று. அது பிழையை அறிவிக்கிறது. சிதறி வாசித்துச் செல்வது அறிவிப்பதில்லை.

‘கோமதி’ என்னும் பெயரில் ஓகாரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக்குறியும் காலும் எனப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டளவில் முன்னது பதினைந்து, பின்னது பதினெட்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் இயல்பாக்க நெறியை ஒருங்குறித் தரமே வகுத்துள்ளது. ஒப்பிடுமுன் அதனைக் கையாண்டால் போதும். ‘கௌரி’யின் நிலை அத்தகையதன்று. ஔகாரக்குறிக்கு மாறாக எகரக்குறியும் ளகரமும் இட்டுக் ‘கெளரி’ எனத் தட்டுவோர் மிகப்பலர். இயல்பாக்கம் இதனைத் தொடாது; ஏனெனில் அது குறியேற்றப் பிழையன்று, எழுத்துப்பிழை. தமிழறிந்த ஒருவர் கண்ணால் நோக்கித் திருத்துவதே வழி.

தலைப்பெழுத்தும் பட்டமும் காற்புள்ளியிட்டு எழுதும் நம் வழக்கமும் இங்கு இடர் தரும். பெயருக்குப் பின் காற்புள்ளி இட்டு ‘எம்.ஏ.’ என எழுதினால் அப்பட்டம் அறை எண்ணாகிவிடும்.

கோப்பும் சேவையும்

கோப்பை நேரே வாசிப்பதே தகுமா என்னும் வினா எஞ்சுகிறது. கணக்குகள் எல்லாம் கோப்பில் இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. பல்கலைக்கழக வலைகளில் அவை எல்டாப் போன்ற அடைவுச் சேவைகளில் இருக்கலாம். எவ்விடங்களில் எந்த வரிசையில் தேடுவது என்பதைப் பெயர்ச்சேவைத் தெரிவு என்னும் தனி அமைப்பு முடிவுசெய்கிறது. பெயரையோ எண்ணையோ தந்து பதிவைப் பெறும் நூலகச் செயற்கூறுகள் அவ்வமைப்பின் வழியே செல்வன. போசிக்ஸ் தரம் அச்செயற்கூறுகளை வரையறுக்கிறதே அன்றிக் கோப்பின் வடிவத்தை வரையறுக்கவில்லை. தரம் கட்டாயமாகக் கேட்பனவும் ஐந்தே: புகுபெயர், பயனர் எண், குழு எண், இல்ல அடைவு, கட்டளைச் செயலி. கடவுச்சொற்புலமும், நாம் இதுகாறும் தமிழ்ப் பெயரை வைத்துப் பேசிய ஐந்தாம் புலமும் அதில் இல்லை. ஆகவே இயங்கும் கணினியில் பயனரை அறியச் செயற்கூற்றையே நாடுதல் முறை. பிரித்தெடுத்து அனுப்பப்பெற்ற படியை வாசிக்க வேண்டியபோது மட்டுமே மேற்கூறிய பாட ஆய்வு தேவைப்படும். ஆய்வுத் தரவுகளைப் பொறுத்தவரை அது எப்போதும் தேவைப்படுகிறது; வழங்கி மாறியபின் எஞ்சுவது படி ஒன்றே.

கோப்புகளின் உரிமை பெயரால் அன்றி எண்ணால் எழுதப்பெறுவது இதனை வலியுறுத்தும். லினக்ஸ் வழங்கல்கள் பெரும்பாலானவை முதல் மனிதக் கணக்குக்கு 1000 என எண்ணிடும். ஃப்ரீபிஎஸ்டி 1001 எனவும் மேக்ஓஎஸ் 501 எனவும் தொடங்கும். ஒரு வழங்கியின் வட்டைப் புதிய வழங்கியில் இணைக்கும்போது, கணக்குகள் வேறு வரிசையில் உருவாக்கப்பெற்றிருப்பின், 1003ஆம் எண்ணார் எழுதியவை அனைத்தும் இப்போது அவ்வெண்ணைப் பெற்ற வேறொருவர் பெயரில் காட்சியளிக்கும். எந்த நிரலும் பிழை அறிவிக்காது. பழைய கணக்குக் கோப்பின் படி கைவசம் இருந்தால் மட்டுமே உண்மை உரியவரைத் துணியலாம்.

சொல்லடைவுப் பணியில் இதன்பின் கைக்கொண்ட நடைமுறை எளிது. வழங்கியிலிருந்து எடுத்த கணக்குப் படியில், கடவுச்சொற்குறிமறை எதுவும் இல்லை என உறுதிசெய்தபின், எவரும் கைவைப்பதில்லை; அது மூலப்படி. தமிழ்ப் பெயர்கள் தனிக்கோப்பில், பயனர் எண்ணை இணைப்பாகக் கொண்டு எழுதப்பெறுகின்றன. வாசிக்கும் நிரல் குறியேற்றத்தை வெளிப்படையாகக் கூறித் திறக்கிறது. தலைப்பிலுள்ள அடையாளக்குறியையும் ஈற்றிலுள்ள 13ஐயும் நீக்குகிறது. எச்சவரியையும் வரியாகக் கொள்கிறது. ஏழு புலம் இல்லாத வரியைக் கண்டால் தாண்டிச் செல்லாது நின்று வரியெண்ணைச் சொல்கிறது. வாசித்த பதிவுகளின் தொகையைக் கோப்பின் வரித்தொகையோடு ஒப்பிடலாம் என முதலில் கருதினோம். ஆனால் யுனிக்ஸில் வரிகளை எண்ணும் கட்டளையும் வரியீற்றுக்குறிகளையே எண்ணுவதால், பதினேழு வரிக் கோப்புக்கு அதுவும் பதினாறு என்றே விடை தந்தது. ஆதலின் பணியில் சேர்ந்தோரின் கையெழுத்துப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்கிறோம்.